வேளாங்கண்ணி நடைபயணம்: இந்த வருடம் செங்கம் வழி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு சிவாஜிநகர் மாதா பேராலயத்திலிருந்து கிருஷ்ணகிரி வரை வழக்கமான நெடுஞ்சாலைதான். அப்புறம் தருமபுரி, சேலம் பக்கம் வேண்டாம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகள் கட்டுப்பாடு இழந்து அடிக்கடி விபத்து நடக்கிறது. பெரியவர்களையும் பிள்ளைகளையும் அங்கே நடத்திக் கூட்டிப்போக எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, திருக்கோவிலூர், விருத்தாசலம், சிதம்பரம், நாகை என்று போகலாம். இந்த வழியில் வண்டி இரைச்சல் குறைவு, ஜெபமாலை சொன்னால் பக்கத்தில் வருபவருக்குக் கேட்கும். ஆனால் இங்கே அன்னதானப் பந்தல்களை நம்ப முடியாது. சமையல் வேன் கூடவே வரவேண்டும். திருவண்ணாமலையைப் பௌர்ணமியன்று தொடக்கூடாது, கிரிவலக் கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுவோம்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முந்தைய நாளே சேர்ந்துவிட வேண்டும். சம்மதமா என்று ஞாயிறு பூசைக்குள் இங்கே எழுதுங்கள். இரவில் நடப்பவர்கள் ஒளிரும் பட்டை கட்டாயம் வாங்கிவிடுங்கள்.