பழைய கம்ப்யூட்டர் வேண்டாம், டீச்சர்களுக்குக் கை கொடுங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் தமிழ் வழியில் படித்துவிட்டு கோவை, திருப்பூர், வளைகுடா என்று போனவர்களுக்கும், எங்கும் போகாமல் இங்கேயே இருப்பவர்களுக்கும் எங்கள் குழு எழுதுவது. சுற்றி வளைக்கவில்லை, பணம் கேட்கிறோம். கேரளப் பாடப்புத்தகத்துக்கு ஏற்றபடி தமிழில் வீடியோ பாடங்களை டீச்சர்களே கூடிச் செய்ய மொத்தம் 2,40,000 ரூபாய் வேண்டும். டீச்சர்களும் பெற்றோரும் போட்டது 62,000 கையில் இருக்கிறது, இன்னும் 1,78,000 சேர வேண்டும்.

கேரளப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் இல்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நாங்களும் அப்படிச் சொல்லவில்லை. பள்ளிகளில் கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்த 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று ஆரம்பித்த அரசுத் திட்டம் 2017இல் கைட் என்ற அரசு நிறுவனம் ஆயிற்று, 2018இல் எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப், புரொஜெக்டர் எல்லாம் வந்தது, அப்புறம் சின்ன வகுப்புகளுக்கும் லேப் வந்தது. நம் பள்ளிகளுக்கும் அதில் பங்கு கிடைத்தது. புரொஜெக்டரைப் போட்ட பிறகு திரையில் தமிழில் எதைக் காட்டுவது என்பதுதான் எங்கள் தலைவலி.

மலையாளத்தில் வீடியோ கொட்டிக் கிடக்கிறது. நம் பிள்ளைகளுக்கு மலையாளம் காதால் கேட்டால் புரிந்துவிடும், ஆனால் பரீட்சைத் தாளில் எழுத வேண்டியது தமிழில், கணக்கிலும் அறிவியலிலும் வரும் ஒவ்வொரு கலைச்சொல்லையும் பிள்ளையே மனசுக்குள் மாற்றிக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது. சரி, தமிழ்நாட்டின் கல்வி தொலைக்காட்சிப் பாடங்களை எடுத்துப் போடலாமே என்றால் அங்கே பாடத்திட்டமே வேறு, கணக்கு கொஞ்சம் ஒத்துவரும், சமூக அறிவியல் ஒத்தே வராது. 2020 ஜூனில் கேரள அரசின் விக்டர்ஸ் கல்வி சேனலில் ஃபர்ஸ்ட் பெல் என்ற கொரோனா கால டிவி வகுப்புகள் தொடங்கியபோது தமிழ் வழி வகுப்புகளும் தயாராயின, நல்ல வேலைதான், ஆனால் 2024இலும் 2025இலும் பாடப்புத்தகங்கள் மாறிவிட்டன. பழைய வீடியோவைப் போட்டால் "டீச்சர், இது எங்க புக்குல இல்லையே" என்று முதல் பெஞ்சிலிருந்தே குரல் வருகிறது.

பயிற்சியிலும் குறைவில்லை. 2024 மே மாதம் முதல் செயற்கை நுண்ணறிவு பற்றிக்கூட உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு மூன்று நாள் வகுப்பு நடந்தது. மூன்று நாள் முடிந்து ஊருக்குத் திரும்பி திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக்குள் நுழையும்போது சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? பக்கத்துப் பள்ளி டீச்சரைத்தான் கேட்க வேண்டும். அவர்களை ஒரே இடத்தில் உட்கார வைப்பதுதான் எங்கள் திட்டம், இதற்கு மேல் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

ஊர் வாசகசாலையின் மாடி அறையைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். சனிக்கிழமைகளில் பல பள்ளி டீச்சர்கள் அங்கே கூடி, புதுப் புத்தகத்துக்கு ஏற்றபடி தமிழில் பாடம் செய்வார்கள். ஒருவர் செய்த பாடத்தை வேறு பள்ளியில் இன்னொருவர் நடத்திப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் எங்கே கொட்டாவி விட்டார்கள், எங்கே முழித்தார்கள் என்று வந்து சொல்வார், அதன்படி திருத்திய பிறகுதான் மற்றப் பள்ளிகளுக்குப் போகும். எச்.எம்.களுக்கு இதில் தலைமைப் பதவி கிடையாது (கோபப்படவில்லை, நிம்மதி என்றே சொன்னார்கள்). அந்தந்தப் பாடத்துக்கு அதை எடுத்து அனுபவப்பட்டவர்தான் பொறுப்பு. எடிட்டிங் தெரிந்த இளவட்டம் நிறைய உண்டு, ஆனால் 1/2 பெரிசா 1/3 பெரிசா என்று கேட்டால் "ரெண்டை விட மூணு பெரிசு, அதனால 1/3" என்று பிள்ளை சொல்லும் என்பது ரிட்டையர் ஆகப்போகிற டீச்சருக்குத்தான் முன்கூட்டியே தெரியும். அவர் சொல்லச் சொல்ல இளையவர் ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளில் ஒரே நீளப் பட்டையை இரண்டாகவும் மூன்றாகவும் வெட்டிக் காட்டுகிற மாதிரி செய்வார். கம்ப்யூட்டரைத் தொடப் பயப்படுகிற சீனியர் டீச்சர்களை ஓரங்கட்டாமல் நடுவில் உட்கார வைக்க எங்களுக்குத் தெரிந்த வழி இதுதான்.

இனி செலவு. பள்ளி லேப்டாப்புகள் ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருப்பவை, சனிக்கிழமை கையோடு தூக்கிக்கொண்டு வர முடியாது. அதனால் எடிட்டிங் தாங்கக்கூடிய இரண்டு லேப்டாப் 1,10,000, இன்வெர்ட்டரும் பேட்டரியும் 30,000, மைக், ஸ்டாண்ட், லைட் 25,000, அறைக்கு வயரிங்கும் சத்தம் எதிரொலிக்காமல் இருக்கக் கனத்த திரையும் 20,000. மீதி 55,000 ஒரு வருஷத்துக்கு டீச்சர்களின் பஸ் காசு, சாப்பாடு, டீ. சாப்பாட்டுக்கா பணம் என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார். விடுமுறை நாளில் சம்பளமில்லாமல் வந்து வேலை செய்கிறவரை டீக்கும் பஸ்ஸுக்கும் கையிலிருந்து போடச் சொன்னால் மூன்றாவது வாரம் யாரும் வரமாட்டார்கள். மென்பொருளுக்குச் செலவே இல்லை, குரல் பதிவுக்கு ஆடாசிட்டி, வீடியோ எடிட்டிங்குக்கு கேடன்லைவ், அப்புறம் ஜியோஜீப்ரா, எதற்கும் நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரைத் தருகிறோம் என்று யாரும் சொல்லாதீர்கள், தயவுசெய்து. பெயர் பொறித்து ஸ்மார்ட் போர்டு தர முன்வந்தவருக்கும் நன்றி சொல்லித் திருப்பிவிட்டோம். கோயிலில் உபயம் எழுதிய டியூப் லைட் மாதிரி வெளிச்சத்தைவிடப் பெயர் பெரிதாகிவிடும்.

குழுவுக்கு 80ஜி பதிவு இல்லை, வரிச் சலுகையை எதிர்பார்த்துக் கொடுக்காதீர்கள். வளைகுடாவில் இருப்பவர்கள் இந்தியக் குடிமக்களாக இருந்தால் வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களிடமிருந்து எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் நாங்கள் வாங்கக்கூடாது, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அதே கதைதான், மன்னிக்கவும். ஆனால் நீங்களும் இந்த வேலையில் சேரலாம். யூனிகோடில் பிழையில்லாமல் தமிழ் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்களும் குரல் கொடுக்கக்கூடியவர்களும் எங்களுக்கு நிறைய வேண்டும், பழைய எழுத்துருவில் கிடக்கும், யூனிகோடுக்கு மாற்ற வேண்டிய வினாத்தாள்களே ஒரு கட்டு இருக்கிறது.

ஓணம் லீவு பத்து நாளில் முதல் பாடங்களைப் பதிவு செய்ய நினைக்கிறோம், அதனால் ஆடி முடிவதற்குள் பணம் வந்தால் நல்லது. வங்கி விவரம் இதை உங்களிடம் கொடுத்தவரிடமே இருக்கிறது. நூறு ரூபாய் ஆனாலும் ரசீது உண்டு, மாதக் கணக்கு வாசகசாலை நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும், பணம் கொடுக்காதவர்களும் வந்து பார்த்துக் கேள்வி கேட்கலாம்.