மகளுக்கு, பிரேட்செல் பற்றி

அன்பின் மகளுக்கு,

நாங்கள் சுகம். முடிச்சுப் போட்ட அந்த ஜெர்மன் ரொட்டிக்குப் பிரேட்செல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரியில் கேட்டிருந்தாய். உன்னைச் சனிக்கிழமைப் போறணைக்குப் பொறுப்பாய் விட்டிருக்கிறார்களாம். அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். அதையும் அக்கா சொல்லித்தான் அறிந்தோம். அவள் காட்டிய படத்தில் வலக்கையைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தாய்.

லத்தீனில் கைக்குப் பெயர் பிராக்கியும். அதன் வழிவந்த சொல் பழைய உயர் ஜெர்மனில் பிரெசிடெல்லா ஆகி, பிறகு பிரேட்செல் ஆனது. நெஞ்சின் குறுக்கே மடித்த கைகளின் வடிவம் அது. தென் ஜெர்மனியின் ஸ்வேபியக் கடைகளில் அதன் மெல்லிய இரண்டு முனைகளை இன்றைக்கும் 'சின்னக் கைகள்' என்றுதானே சொல்கிறார்கள். துறவி ஒருவர் சிறுவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார், பரிசுக்கான லத்தீன் சொல்லே பெயரானது என்பது வெறும் கதை, தேர்வில் எழுதிவிடாதே. வடிவத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் அல்சாஸில் 12ஆம் நூற்றாண்டில் வரைந்த 'ஹோர்ட்டுஸ் டெலிசியாரும்' சுவடியைச் சொல். அதில் விருந்து மேசை மேலேயே பிரேட்செல் கிடக்கிறது. மூலச்சுவடி 1870இல் ஸ்ட்ராஸ்பூர்கில் எரிந்துபோனது. படியெடுத்த படங்கள்தான் மிச்சம்.

பெயர் இருக்கட்டும். சுடுமுன் பிரேட்செலை முக்கி எடுக்கும் காரநீரைக் கலக்கும்போது கவனம். ஒரு லீற்றர் குளிர்ந்த தண்ணீருக்கு 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு மணிகள். தண்ணீர் முதலில், மணிகள் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாய். மாற்றிச் செய்தால் அந்த இடத்திலேயே கொதித்து முகத்தில் தெறிக்கும். முழங்கை வரை கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. அவசரம் என்று ஒருநாளும் வெறுங்கையால் முக்காதே.

உருட்டியதை மூடாமல் குளிரில் வை. மேலே தோல் பிடித்து விறைத்த பிறகே முக்கு. இளகிய மா காரநீரில் தொய்ந்து, சின்னக் கைகள் அறுந்துவிடும். அறுந்ததைப் பிடிக்கப் போய்த்தான் விரல் உள்ளே போகும். அலுமினியத் தட்டும் வேண்டாம், காரம் அதை அரித்து உலோகம் பிரேட்செலில் ஏறும்.

விரல் சவர்க்காரம் பட்டதுபோல் வழுக்கினால் தோல் கரையத் தொடங்கிவிட்டது. எரிவு பிந்தித்தான் தெரியும். உடனே குழாயைத் திறந்து நெடுநேரம் கழுவு. வினாகிரி ஊற்றாதே. கொப்புளித்தால் வைத்தியரிடம் போ, முதலாளி என்ன நினைப்பார் என்று பார்க்காதே.

நீளக் கையுறை இரண்டு சோடி தபாலில் போட்டிருக்கிறேன். பின்னேரம் நாலுக்குப் பிறகு வீட்டில்தான் இருப்போம். போன் எடு, அம்மாவோடு கதை. கையுறையைப் போட்டுக்கொள்.

அப்பா