தையல் பார்க்க அல்ல

அன்புள்ள தம்பிக்கு,

விடுதிச் சாப்பாடு பழகிவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் எழுத உட்கார்ந்தது போனில் சொல்ல வாய் வராத ஒன்றுக்காக.

நான்காம் வகுப்பில் கிரிக்கெட் பந்து கால்களுக்கிடையே பட்டுச் சுருண்டு விழுந்தாயே, நினைவிருக்கிறதா? ஸ்கேன் எடுக்கும்போது ஜெல் சில்லென்று இருக்கிறது என்று என் கட்டைவிரலை இறுகப் பிடித்துக்கொண்டாய். அடியால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திரையில் இரண்டு விதைகளிலும் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். அறிக்கையில் மைக்ரோலிதியாசிஸ் என்றிருந்தது. விதைக்குள் விந்தணு உருவாகும் நுண்குழாய்களில் படிந்த நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள். அவை வலிக்காது, மருந்தும் கிடையாது.

இந்தப் புள்ளிகளை மட்டும் வைத்து விதையில் புற்றுநோய் வரும் என்று பயப்பட வேண்டாம், வேறு குறை இல்லாதவர்களுக்குத் தொடர் ஸ்கேனே தேவையில்லை என்றார் டாக்டர். உன் விஷயம் வேறு. பிறந்தபோது உன் இடது விதை பைக்குள் இறங்கவில்லை. ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும். தானாக இறங்கிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை நம்பி நான்கு வயதுவரை தள்ளிப்போட்டேன். அது என் தவறு. அந்தக் குறையும் புள்ளிகளும் சேர்ந்திருப்பதால்தான் ஆண்டுக்கொரு ஸ்கேன். ஐரோப்பியக் கதிரியல் நிபுணர்கள் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் உன்னைப் போன்றவர்களுக்கு 55 வயதுவரை அதைத்தான் சொல்கிறது. 'பழைய தையலைப் பார்க்க வேண்டும்' என்று சொல்லியே இத்தனை ஆண்டுகளும் உன்னை அழைத்துப்போனேன். மன்னித்துவிடு.

நீ விடுதிக்குப் போனதில் இந்த ஆண்டு ஸ்கேன் விட்டுப்போயிற்று. இந்த மாதமே எடுத்துவிடு. மாதம் ஒருமுறை வெந்நீரில் குளித்தபின் ஒவ்வொரு விதையையும் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மெல்ல உருட்டிப் பார். பின்பக்கம் கயிறுபோல மிருதுவாகத் தட்டுப்படுவது இயல்பானது. ஒன்று சற்றுப் பெரிதாகவோ தாழ்ந்தோ இருப்பதும் அப்படித்தான். கெட்டியான கட்டியோ புதிதாக ஒரு கனமோ தெரிந்தால், வலி இல்லையே என்று விட்டுவிடாதே. அந்த வாரமே டாக்டரிடம் போ. இந்தப் புற்றுநோய் இளைஞர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிறது. திடீரென்று கடுமையாக வலித்தால் அது வேறு ஆபத்து, விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நள்ளிரவானாலும் அறைத்தோழனை எழுப்பிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடு. ஆறு மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைக்க வேண்டும்.

உன் அறிக்கைகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். டாக்டரிடம் காட்டு. இனி அவை உன்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா