ஜெர்மனிக்குக் கிளம்பும் தம்பிக்கு: முதலில் தபால்பெட்டியில் பெயரை ஒட்டு

அன்புள்ள தம்பி,

அக்டோபரில் வகுப்பு. புளியும் மிளகாய்த்தூளும் இந்நேரம் பெட்டியில் ஏறியிருக்கும். அவை அங்கேயும் கிடைக்கும். சுலபத்தில் கிடைக்காதது, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள்.

குடிபோன 14 நாளுக்குள் பூர்கர்ஆம்ட் என்ற நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும் போதும் என்று நினைத்துப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். இவர் இந்தத் தேதியில் இங்கே குடிவந்தார் என்று வீட்டுக்காரர் தனியாக எழுதித் தரவேண்டும். அந்தத் தாளின் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். ஒரே வார்த்தைதான், நடுவில் மூச்சு வாங்கிக்கொள். "அறை தருகிறேன், ஆனால் இந்த முகவரியில் பதியக்கூடாது" என்று யாராவது சொன்னால், வாடகை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். பெரிய ஊர்களில் அப்பாயின்ட்மென்ட் லேசில் கிடைக்காது, அதனால் கிளம்புவதற்கு முன்பே ஆன்லைனில் பார்.

அடுத்தது தபால்பெட்டி. அங்கே முகவரியில் பெரும்பாலும் ஃப்ளாட் எண்ணே இருக்காது. தெரு, கட்டட எண், பெயர், அவ்வளவுதான். தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துப் போடுவார், பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும். 11 இலக்க வரி எண், வங்கி பின், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல்: பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால் அந்த நாட்டுக்கு நீ அந்தப் பெயர்தான். பெட்டியிலும் அழைப்புமணியிலும் அதையே ஒட்டு. "ஹெர்" (நம் "திரு" மாதிரி) போட்டு அப்பா பெயரைக் கூப்பிட்டால் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

பதிந்த சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. "என்னிடம் டிவியே இல்லை" என்பது அங்கே செல்லாது, வீட்டுக்கு ஒரு கட்டணம். கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போடு. குப்பையில் மட்டும் போடாதே.

குளிர் வந்ததும் ஜன்னல் விஷயம். இதை விளையாட்டாக எடுக்காதே, மூன்று மாத அடிப்படை வாடகை வரை அட்வான்ஸாகக் கொடுத்திருப்பாய், அதில் வீட்டுக்காரர் கைவைக்க ஒரு காரணம் சுவரில் பூஞ்சை. சோறு வடிக்கும் ஆவி, இட்லி ஆவி, அறைக்குள் உலர்த்தும் துணி எல்லாம் குளிர்ந்த வெளிச்சுவரில் போய் நீராகப் படியும். பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூக்கும்போது காலம் கடந்திருக்கும். ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் லேசாக உள்ளே சாய்த்து நாளெல்லாம் விட்டுவைப்பது பெரிய தவறு: காற்று சரியாக மாறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் சில்லிட்டு அங்கேயே ஈரம் படியும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஐந்து முதல் பத்து நிமிடம், முழுசாகத் திறந்து மூடு. அந்த நேரம் ஹீட்டரை அணைத்துவிடு, இல்லையென்றால் குளிர்காற்று பட்டு அது முழுவேகத்தில் எரியும். ஹீட்டர் திருகில் 3 என்றால் சுமார் 20 டிகிரி. 5-ல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது. அது இன்னும் அதிகச் சூட்டுக்கான எண், வேகத்துக்கானதல்ல. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வை.

இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறு முழுக்கவும் சத்தம் ஆகாது. அதனால் மிக்ஸி வேலையைச் சனிக்கிழமை பகலில் முடித்துவிடு. மளிகையும் அன்றே வாங்கு, ஞாயிறு கடை பூட்டு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலை நசுக்காமல், லேபிள் கிழியாமல் கடையின் மெஷினில் போட்டால், வாங்கும்போது பாட்டிலுக்காகக் கட்டிய 25 சென்ட் திரும்பி வரும். நசுங்கினால் மெஷின் துப்பிவிடும்.

மொழிக்கு வருவோம். "ஹால்ப் ஆஹ்ட்" என்றால் அரை, எட்டு. எட்டரை என்று நினைத்துப் போனால் ஒரு மணி நேரம் லேட், ஏனென்றால் அது எட்டை நோக்கிப் பாதி வந்த நேரம், அதாவது ஏழரை. (ஏழரை என்றதும் சனியைத் திட்டாதே.) எண்களும் அப்படித்தான், 25-ஐ "ஐந்தும் இருபதும்" என்பார்கள். போன் நம்பர் எழுதும்போது ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டெர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (இரண்டும் இல்லாதது) மூன்றுக்கும் தமிழறிவு உதவாது, அர்த்தத்தை வைத்துப் பால் கண்டுபிடிக்க முடியாது. சிறுமிக்கே "டாஸ்" போடுகிற மொழி அது. சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய். ஆனால் "வைல்" என்று காரணம் சொல்லும்போது வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலக்காரன் தடுமாறும் இடம், நமக்குப் பழக்கமான இடம்.

இன்னொன்று. பல வீடுகளில் வாசல் கதவுக்கு வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி கிடையாது, சாத்தினால் பூட்டிக்கொள்ளும். பூட்டுக்காரரை ஞாயிறு இரவு கூப்பிட்டால் பில் தாங்காது. குப்பை கொட்டக் கீழே இறங்கும் முன் சாவி இருக்கிறதா என்று பாக்கெட்டைத் தொட்டுப் பார்.

அன்புடன்,
அக்கா