சிவப்பு ஐசி காலத்தையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியத் தோட்டத்து வாழ்க்கை பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். தீமிதி, திடலில் காட்டிய படம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக் கலாட்டா எல்லாம் சரி. நானும் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள்தான். ஆனால் 1969, 70இல் வேலை பெர்மிட் கிடைக்காமல் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களைப் பற்றி யாருமே மூச்சு விடுவதில்லையே, ஏன்?

பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் தாய்மாமா பால் மரம் வெட்டினார். பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். சிறுபிள்ளையாக இங்கே வந்தவர். அவருக்குச் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை; இங்கே பிறந்த அத்தைக்குக் குடிமக்களுக்கான நீலம். மெர்டேக்காவுக்கு (1957 சுதந்திரத்துக்கு)ப் பிறகு முதல் ஓராண்டு, மலாய்மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்றிருந்தது. லயத்தில் அதை யார் விளக்கிச் சொன்னார்கள்? மனுப் போட டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். மாமா போகவில்லை.

குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்தது. 1969 மே இனக் கலவரத்துக்குப் பிறகு கெடுபிடி தொடங்கியது. மாமாவுக்கு பெர்மிட் கிடைக்கவில்லை.

தகரப் பெட்டியில் போர்வை, கோடாலித் தைலம், மைலோ டின் எல்லாம் அடுக்கினார்கள். அப்புறம் மாமா தன் பால்வெட்டுக் கத்தியை எண்ணெய் தடவித் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். "அங்க ஏதுண்ணே பால் மரம்?" என்று அம்மா கேட்டார். "கெடக்கட்டும்" என்று அடியில் செருகிவிட்டார். போர்ட் சுவெட்டன்ஹாமில் ரஜூலா கப்பல் ஏறினார். அத்தையும் பிள்ளைகளும் பின்னால் வருவதாகப் பேச்சு. பேச்சு பேச்சாகவே போயிற்று. மாமாவின் நிரையை, அவர் வெட்டிய மர வரிசையை, அத்தைதான் பிறகு வெட்டினார்.

பழையதைக் கிளறாதே என்கிறான் என் மகன். படித்த பிள்ளை, அவனுக்கென்ன! இன்றும் சிவப்பு ஐசியோடு இருக்கும் முதியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இது பழைய கதையா?

ஐயா, கப்பலேறியவர்கள் பற்றி ஒரு தொடர் போடுங்கள். விட்டுப் போனவர்கள், இங்கே நின்றவர்கள் இரு பக்கமும் எழுதட்டும். மாமா நாகப்பட்டினத்திலிருந்து போட்ட ஏர்மெயில் கடிதங்கள் சில என்னிடம் இருக்கின்றன. இடம் தருவதானால் நகலெடுத்து அனுப்புகிறேன். அசல் மட்டும் தர மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்