எடுத்துப் போகாத முட்டைத் தட்டு

சிவகிரி,
மாசி 20

கண்ணு,

இங்கே எல்லோரும் சுகம். மாப்பிள்ளையும் பையனும் சுகமா? பொங்கலுக்கு வந்துபோனதிலிருந்து அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். வேலை அதிகமாக இருக்கும். சரி.

மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காய்கிறது. விலை பற்றி அப்புறம் எழுதுகிறேன். காடைக்கும் இப்போது நம் மஞ்சள்தான். கிலோ தீவனத்துக்கு 5 கிராம். பூண்டைக் காயவைத்து இடித்து அதே அளவு, முருங்கைத் தழைப் பொடி கொஞ்சம் கூடுதல். முதல் நாள் பூண்டு வாடைக்கு அத்தனையும் அலகால் தீவனத்தை வாரி வெளியே இறைத்தன. மூன்றாம் நாள் அடங்கிவிட்டன. முருங்கை போட்டதிலிருந்து மஞ்சக்கரு நல்ல நிறம். 600 காடைக்கு 450 முட்டை வருகிறது. 16 மணி நேரம் லைட் விட்டும் முன்பு வந்த 480 வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

கழிச்சல் வந்தபிறகு இந்தப் பொடி நிறுத்தாது, கூண்டும் தண்ணீர்க் குழாயும் சுத்தமாக இருந்தால்தான் துணைக்கு நிற்கும் என்றார் கால்நடை டாக்டர். எச்சத் தட்டைத் தினமும் நானே வழிக்கிறேன். இடுப்பு விட்டுப்போகிறது.

பையனுக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரைக் கேட்காமல் மாத்திரை கொடுக்காதே. பி.பார்ம் படித்தவளுக்கு நான் சொல்கிறேன் பார். நம் சொந்தத்தில் அதைப் படித்த முதல் பிள்ளை நீதான், இன்னும் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் படித்தவள் என்னைத் திட்டியிருக்கலாம். தீவன அறையில் அந்தப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தாய். "என்னங்கப்பா இது?" என்றாய். விட்டமின் என்றேன். "சரிங்கப்பா." அவ்வளவுதான். கட்டி வைத்த முட்டைத் தட்டை வண்டியில் ஏற்றவில்லை. மறந்துவிட்டாய் என்றுதான் அம்மா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அது ஆக்சிடெட்ராசைக்ளின், ஆன்டிபயாட்டிக் மருந்து. காடைக்கு நோய் ஒன்றும் இல்லை, பனிக்கு முன்கூட்டியே இருக்கட்டும் என்று ஐந்து நாள் தண்ணீரில் கலக்கினேன். அந்த முட்டையை விற்கக் கூடாது என்று தெரியும். விற்றேன். பையன் காலையில் திண்ணையில் உட்கார்ந்து, "அப்புச்சி, இன்னொண்ணு" என்று கையை நீட்டினான். மருந்து கலக்கிய கையாலேயே உரித்துக் கொடுத்தேன்.

பாக்கெட்டைத் தூக்கிப்போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு எடுத்து வைக்கட்டுமா? வேண்டாம் என்றாலும் அம்மாவிடம் சொல்லாதே, என்னிடமே சொல்.

அப்பா