ஸ்டிக் வாங்கமுதல் இதை வாசி

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 85 ஃபிளெக்ஸ், பி28 வளைவு, 420 டொலர் ஐஸ் ஹொக்கி ஸ்டிக் 250 டொலருக்கு. கீழே "வாங்கட்டா அம்மா?" என்று ஒரு வரி. நானும் ஒரு வரியில் பதில் சொல்வதென்றால் "வேண்டாம்" என்றுதான் சொல்லவேண்டும். அம்மா காசு பார்க்கிறா என்று நீ நினைத்துக்கொள்வாய். அதனால்தான் நான் வேலை செய்யும் கடையில் ஸ்டிக் சுவருக்கு முன்னால் நின்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்வதை, என் பிள்ளைக்கு ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். நீயும் பஸ்ஸில் போகிற போக்கில் பார்க்காமல் ஆறுதலாக வாசி.

முதலில், வின்னிபெக்கில் பெண்கள் லீக்கில் சேர்ந்தாய் என்று கேட்டது எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய சந்தோஷம். படிப்பு, வேலை என்று ஸ்கேட்டைக் கழற்றி வைத்தவள் இனித் தொடமாட்டாள் என்றே அப்பா நினைத்திருந்தார்.

சரி, ஃபிளெக்ஸுக்கு வருவோம். தண்டில் அச்சடித்திருக்கும் அந்த எண், தண்டை 1 அங்குலம் வளைக்க எத்தனை இறாத்தல் பாரம் கொடுக்கவேண்டும் என்பதைச் சொல்கிறது. 85 என்றால் 85 இறாத்தல். எண் கூடக்கூட ஸ்டிக் விறைப்பு. நீ ஓங்கி ஸ்லாப் ஷொட் அடிக்கும்போது, தண்டின் அடியில் இருக்கிற பிளேட், பக் என்கிற றப்பர் வட்டைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ஐஸில் இடிக்கவேண்டும். அந்த இடியில் தண்டு வில் மாதிரி வளைந்து, நிமிரும்போது பக்கைத் தள்ளிவிடுகிறது. மணிக்கட்டால் சுண்டுகிற றிஸ்ட் ஷொட்டிலும் கீழ்க்கையால் அழுத்தி வளைப்பதுதான் வேலை. வளைக்க முடியாத ஸ்டிக்கை வைத்துக்கொண்டு எவ்வளவு பலமாக வீசினாலும், தண்டு தரவேண்டிய பங்கை உன் தோளும் மணிக்கட்டும்தான் தரவேண்டிவரும்.

கடைகளில் சொல்லும் கணக்கு, உடம்பு நிறையில் பாதி. நீ 130 இறாத்தல் இருப்பாய், கூடியிருந்தாலும் கேட்கமாட்டேன். பாதி 65. 85 ஃபிளெக்ஸ் 170 இறாத்தல் ஆளுக்கு உரியது. இது கல்லில் எழுதிய சட்டம் இல்லைதான். நின்று ஸ்லாப் ஷொட் அடிக்கிற டிஃபென்ஸ் ஆட்களுக்குக் கொஞ்சம் விறைப்பு உதவும். நீ இப்போது விங், அதாவது ஓரத்தில் நின்று முன்னால் தாக்கும் இடத்தில், ஆடுவதாகச் சொன்னாய். உன்னைப் போன்றவர்கள் கணக்கைவிடக் கீழே போனாலும் நட்டமில்லை. வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்ஹெச்எல்லில் ஆடிய ஜொனி கோட்ரோவை நினைத்துப் பார். 165 இறாத்தல் அளவான மனுஷன், ஆடியது 55 ஃபிளெக்ஸ் ஸ்டிக்கால். சின்னப் பிள்ளைகளின் ஸ்டிக் என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். 2021-22இல் கால்கரி அணிக்கு 40 கோல் போட்டார். 2024இல் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்துபோனார், பாவம். அவர் பெயர் வரும்போதெல்லாம் எங்கள் கடையில் யாராவது அந்த 55ஐப் பற்றிக் கதைப்பார்கள்.

இன்னொரு பக்கத்தில் அதே லீக்கில் டிஃபென்ஸ் ஆடிய ஸ்டேனோ சாரா. 6 அடி 9 அங்குலம். 2012 ஓல் ஸ்டார் திறன் போட்டியில் பக்கை மணிக்கு 108.8 மைல் வேகத்தில் அடித்தார். அந்த உடம்புக்கு அந்த விறைப்பான, நீளமான ஸ்டிக் சரி. கடைக்கு வரும் பதினாறு வயதுப் பெடியன்களுக்கு எல்லாம் தாங்கள் சாரா என்ற நினைப்பு. "95 இருக்கா?" என்று கேட்பார்கள். நிலத்தில் ஊன்றி வளைத்துக் காட்டச் சொன்னால் முகம் சிவந்துவிடும்.

இனித்தான் படத்தைப் பார்த்தவுடன் எனக்குத் திக்கென்ற விஷயம். அந்த ஸ்டிக் சீனியர் அளவு, 60 அங்குலம். நீ 5 அடி 3. உனக்கு அது 3 அங்குலமாவது வெட்டவேண்டும். வெட்டினால் ஃபிளெக்ஸ் எண் அப்படியே நிற்காது. தண்டு கட்டையானால் நெம்புவதற்குக் கிடைக்கும் நீளம் குறைகிறது, அதே வளைவுக்குக் கூடப் பாரம் வேண்டும். 3 அங்குலம் எடுத்தால் 85 கிட்டத்தட்ட 100 ஆகிவிடும். இதை ஒளிக்கவில்லை, பெரும்பாலான ஸ்டிக்குகளில் மேல்முனைப் பக்கமாகக் கோடுகள் போட்டு, இந்த இடத்தில் வெட்டினால் இந்த எண் என்று அச்சடித்தே இருக்கும். ஆனால் அந்தச் சின்ன எழுத்தை யார் வாசிக்கிறார்கள்? ஆக, நீ வாங்கப்போவது 200 இறாத்தல் ஆளுக்கான ஸ்டிக்.

நீ பார்க்கவேண்டியது இன்டர்மீடியட் வரிசை. 55, 60, 65 ஃபிளெக்ஸ் அதில்தான் இருக்கும். நீளமும் 57 அங்குலம் அளவில் வரும், வெட்டவே தேவைப்படாமல் போகலாம். தண்டும் கொஞ்சம் ஒடுக்கம், உன் கைக்கு நல்லாகப் பொருந்தும். இன்டர்மீடியட் என்ற பெயரைப் பார்த்து வெட்கப்படாதே. வளர்ந்த பெண்கள் கனபேர் அதில்தான் ஆடுகிறார்கள்.

கடைக்கு நேரில் போனால் இப்படிச் செய். ஆடும்போது பிடிப்பதுபோலவே பிடி. பிளேட்டை றப்பர் விரிப்பில் ஊன்றி, கீழ்க்கையால் தண்டின் நடுவை அழுத்து. பல்லைக் கடிக்காமல் 1 அங்குலம் வளைந்தால் போதும். இரண்டு மூன்று அங்குலம் சுலபமாகப் போனால் அது உனக்கு மெத்த இளக்கம். பாஸ் எடுக்கும்போது தண்டு ஆடும், ஷொட் எங்கே போகும் என்று நிச்சயம் இராது. சில கடைக்காரர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நீளத்துக்கு, வெறுங்காலில் நின்றால் மூக்கு மட்டம், ஸ்கேட்டோடு நின்றால் நாடி மட்டம். அங்கிருந்து உன் விருப்பத்துக்கு ஒரு அங்குலம் கூட்டிக் குறை.

அடுத்தது லை. இதை யாரும் கவனிப்பதில்லை, நீயும் கவனித்திருக்கமாட்டாய். தண்டும் பிளேட்டும் சேரும் கோணத்துக்கு ஒரு எண் கொடுத்திருப்பார்கள். லை 5 என்றால் 135 பாகை, 6 என்றால் 133. எண் கூடினால் தண்டு நிமிர்ந்து நிற்கும். குனிந்து ஆடுபவருக்குக் குறைந்த எண், நிமிர்ந்து ஆடுபவருக்குக் கூடிய எண். நேற்று கராஜுக்குள் போய் உன் பழைய ஸ்டிக்கை எடுத்து லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். கடைசியாக நீ சுற்றிய கறுப்பு டேப் அப்படியே இருக்கிறது. நுனிப் பக்கம் டேப்பின் நெசவு கூடக் கலையவில்லை, மெழுகு பூசினது பூசினபடி. தண்டோடு சேரும் குதிப் பக்கம் மட்டும் நூல் நூலாகத் தேய்ந்து, உள்ளே பிளேட்டின் விளிம்பு தெரிகிறது. அப்படியென்றால் நீ ஆடும்போது நுனி ஐஸைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. பாஸ் வந்தால் பிளேட்டுக்குக் கீழால் பக் நழுவிப் போகிறது என்று அந்த நாளில் அழுவாயே, காரணம் அதுதான். ஸ்டிக் நீளம் கூட, அல்லது லை கூட, அல்லது இரண்டும். இந்த முறை லை 5 பக்கமாகப் பார்.

வளைவுக்கு வருகிறேன், இதில்தான் உனக்கும் எனக்கும் சண்டை வரும். ஊரில் அப்பா பார்த்த ஹொக்கியில் மட்டையின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கத்தால் அடிக்கக்கூடாது. ஐஸ் ஹொக்கியிலும் ஒரு காலத்தில் பிளேட் நேராகத்தான் இருந்தது, ஆனால் இரண்டு பக்கத்தாலும் அடிக்கலாம். 1960களில் சிகாகோவின் ஸ்டான் மிக்கிட்டாவும் பொபி ஹல்லும் வளைந்த பிளேட்டால் அடிக்கத் தொடங்கினார்கள். பக் போகிற திசை கோல்காப்பாளருக்குப் பிடிபடவில்லை. முகமூடி இல்லாமல் நின்ற கோல்காப்பாளர்கள் பலர் இருந்த காலம் அது. என்ஹெச்எல் பயந்துபோய் அளவு போட்டு, படிப்படியாகக் குறைத்து, 1970 அளவில் அரை அங்குலமாக்கியது. 2006இல்தான் முக்கால் அங்குலம் ஆனது.

அந்த அரை அங்குலம் ஒரு கோப்பையையே மாற்றியது என்று அப்பா சொல்வார். 1993, அவர் கனடாவுக்கு வந்து இறங்கிய வருடம். டொரொன்டோ லீஃப்ஸை வெளியே அனுப்பிவிட்டு லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ், மொன்ட்ரியலோடு ஸ்டான்லி கோப்பை இறுதிக்குப் போயிருந்தது. முதல் ஆட்டத்தை வென்றுவிட்டு, இரண்டாவதிலும் முன்னால் நிற்கிறார்கள். இரண்டு நிமிஷம்கூட மிச்சமில்லை. மொன்ட்ரியல் பயிற்சியாளர் ஷாக் டெமெர்ஸ், கிங்ஸ் ஆட்டக்காரர் மார்ட்டி மக்சோர்லியின் ஸ்டிக்கை அளக்கச் சொன்னார். வளைவு கூட. பெனால்ட்டி. மொன்ட்ரியலின் எரிக் டெஸ்ஜார்டான் சமப்படுத்தி, மேலதிக நேரத்தில் வென்றும் கொடுத்தார். மொன்ட்ரியல் கோப்பையைத் தூக்கியது. அப்பாவுக்கு அப்போது விதியும் தெரியாது, ஆங்கிலமும் முழுதாக விளங்காது. ஏன் ஒருத்தர் மட்டையை இன்னொருத்தர் அளக்கிறார் என்று அறையில் இருந்தவர்களைக் கேட்டுக் கேட்டு அறுத்தாராம்.

இப்போது சுவரில் தொங்குவதில் முக்கால்வாசி மூன்று நான்கு வகைதான். பி92 நடுவிலிருந்து நுனி நோக்கி வளைந்து, பிளேட்டின் முகம் மேல்நோக்கிக் கொஞ்சம் விரிந்திருக்கும். பக் சுலபமாக மேலே எழும்பும். அதிகம் விற்பது இதுதான். பி88 நடுவளைவு, முகம் அவ்வளவு விரியாது. பாஸ் நிலத்தோடு போகும், பிளேட்டின் பின்பக்கத்தால் அடிக்கிற பேக்ஹாண்டும் கைக்குள் நிற்கும். நீ அனுப்பிய பி28இல் வளைவு முழுக்க நுனியில். நுனியால் பக்கை இழுத்து, அதே அசைவில் சட்டென்று சுண்டிவிடுகிறவர்களுக்கு அது தங்கம். ஆனால் குதியிலிருந்து பாஸ் போட்டால் எங்கோ போகும், பேக்ஹாண்டில் பக் வழுக்கும், கொஞ்சம் கை திரும்பினால் கண்ணாடிக்கு மேலால் வெளியே. வருஷக்கணக்காக ஐஸில் இறங்காத ஆளுக்கு இது வேண்டாம். நீ பி88 எடு. பக் எழும்பவில்லை என்று பிறகு தோன்றினால் பி92. பி28ஐ யூடியூப் பார்த்துத்தானே விரும்பினாய்? உண்மையைச் சொல்.

நட்சத்திரங்களின் பெயரையும் நம்பாதே. என்ஹெச்எல் நட்சத்திரம் சிட்னி க்ரொஸ்பியின் பெயரில் பி29 என்ற வளைவு எத்தனை விற்றிருக்கும்! அவர் ஆடுவதோ கிட்டத்தட்டத் தட்டையான பிளேட்டால். அந்தப் பேக்ஹாண்ட் அதனால்தான் அப்படி வருகிறது.

விலை பற்றி ஒரு பேச்சு. 400 டொலர் ஸ்டிக்கில் பாரம் குறைவு, அது உண்மை. ஷொட்டை அது தராது. என்ஹெச்எல் ஆட்டக்காரர் அல் மக்கினிஸ் 2000இல்கூட மர ஸ்டிக்கால் மணிக்கு 100 மைலைத் தாண்டி அடித்தார். கார்பன் ஸ்டிக், எதிராளி ஸ்டிக்கால் வெட்டுகிற ஒரு ஸ்லாஷில் முறியும், உத்தரவாதம் அநேகமாக 30 நாள். 130, 150 டொலரில் உன் ஃபிளெக்ஸ், உன் வளைவில் ஒரே மாதிரி இரண்டு வாங்கு. ஒன்று முறிந்தாலும் கை பழக்கம் மாறாது. சமூக நிலைய வெளி ரிங்குக்கு மட்டும் ஏதாவது பழைய மர ஸ்டிக்கைக் கொண்டு போ. அந்தக் கரடுமுரடான ஐஸில் நல்ல பிளேட்டை அரைக்காதே.

வாங்கமுதல் வலதா இடதா என்று வடிவாகப் பார். கிரிக்கெட் துடுப்பைப் பிடிக்கிற மாதிரி அப்பா பழக்கியதால் உனக்கு வலது. இந்த நாட்டில் வலதுகைப் பிள்ளைகளே பலர் இடது ஸ்டிக்தான் பிடிக்கிறார்கள். மலிவு விற்பனையில் கிடப்பதும் கூடுதலாக இடது.

வெட்டவேண்டி வந்தால் கடையில் வெட்டுவி. வீட்டில் என்றால் வெட்டும் இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, பல் நெருக்கமான இரும்பறுக்கும் வாளால் மெதுவாக அறு, கார்பன் தூசு மூக்கில் போகாமல் மாஸ்க் போடு. ஒரு தடவையில் அரை அங்குலத்துக்கு மேல் எடுக்காதே. கூட வெட்டினால் மேலே கட்டை செருகி நீட்டலாம், இளக்கமும் கொஞ்சம் திரும்பும், ஆனால் மேல்முனை பாரமாகிவிடும்.

இல்லாவிட்டால் இப்படிச் செய்வோம். சுவரோடு வெறுங்காலில் நின்று மூக்கு மட்டத்தை அளந்து அனுப்பு. எங்கள் கடையில் வேலைக்காரருக்குக் கழிவு உண்டு. பெரிய மாமா அடுத்த மாதம் வின்னிபெக் வருகிறார், அவரிடம் இரண்டு ஸ்டிக் கொடுத்துவிடுகிறேன். அவருடைய பெட்டியில் இடம் பிடிக்கவேண்டும், மிளகாய்த்தூள் எத்தனை கிலோ என்பதையும் சேர்த்தே சொல்.

அன்புடன்,
அம்மா